காரைக்குடிக்கு 300 நாற்காலி அரங்கம் ஒன்று போதும்

ஆசிரியருக்கு வணக்கம்.

2024-ல் காரைக்குடி மாநகராட்சி ஆனதிலிருந்து, ஊருக்கு இன்னும் என்னென்ன வேண்டும் என்று வாசகர்கள் தங்கள் நாளிதழுக்கு எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். நல்லதுதான். சில நாட்களுக்கு முன் ஓர் அன்பர், மதுரை தமுக்கம் மைதானத்தில் 2022-ல் திறந்தார்களே, அதுபோல ஒரு மாநாட்டு மையம் நமக்கும் வேண்டும், 2,000 பேர் உட்கார வேண்டும், முழுக்க ஏசி போட வேண்டும், பின்னால் திறந்தவெளி மேடையும் வேண்டும் என்று கேட்டிருந்தார். அவருக்குப் பதிலாக இதை எழுதுகிறேன்.

நான் இந்தத் தொழிலில் இருக்கிறவள். கல்லூரி அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றபின், ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு மண்டபத்துக்கு மேலாளராக வந்து ஒரு வருடம் ஆகிறது. 1,200 நாற்காலி போட்ட பெரிய கூடம், கீழே சாப்பாட்டுக் கூடம், ஓரமாக ஒரு மினி ஹால், பின்னால் புல்தரையும் மேடையும், பிள்ளைகளுக்கு டிராம்போலின், நாலைந்து வீடியோ கேம். பெயர்ப் பலகையில் 'கன்வென்ஷன் அண்ட் என்டர்டெயின்மென்ட்' என்று எழுதியிருக்கிறது. ஊர்க்காரர்கள் மகால் என்றுதான் சொல்கிறார்கள். முதலாளி ஆச்சி சென்னையில் இருக்கிறார். கணக்கு மட்டும் வாரம் தவறாமல் போனில் கேட்பார்.

அரசாங்கம் கட்டினால் தன் மண்டபத்துக்கு ஆள் வராது என்று பயந்து எழுதுகிறாள் என்று சிலருக்குத் தோன்றலாம். தோன்றட்டும். பெரிய கூடத்துக்குப் போட்டி ஏற்கெனவே ஊரைச் சுற்றி நிற்கிறது. இன்னொன்று வந்தால் ஒரு முகூர்த்தத்தை அவர்கள் பிடிப்பார்கள், இன்னொன்றை நாங்கள் பிடிப்போம். எங்களைப் போன்ற மண்டபங்களால் எந்த வேலையைச் செய்ய முடியவில்லையோ, அதற்கு ஓர் இடம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

மண்டபம் நடத்துகிறவர்களுக்கு வருடத்தில் 12 மாதம் கிடையாது. ஆடி, புரட்டாசி, மார்கழி மூன்றும் கல்யாணத்துக்கு ஆகாது. பங்குனியையும் பல வீடுகளில் ஒதுக்குகிறார்கள். மிச்ச மாதங்களில் வளர்பிறை முகூர்த்தம், அதுவும் ஞாயிற்றுக்கிழமையில் வருவது என்று தேடினால் விரல்விட்டு எண்ணிவிடலாம். புதுப் பஞ்சாங்கம் கடைக்கு வந்த வாரத்தில் எங்கள் அலுவலகத்தில் நிற்க இடம் இருக்காது. ஒரே தேதிக்கு நாலு வீட்டார் அட்வான்ஸ் பணத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். அந்தத் தேதிகள் போய்விட்டால் அப்புறம் ஈ ஓட்ட வேண்டியதுதான். வடகாடு, கீரமங்கலம், பேராவூரணிப் பக்கம் ஆடியில் மொய் விருந்து நடக்கும். அங்கே ஆடியிலும் உலை கொதிக்கும். நம் பக்கம் அந்த வழக்கம் இல்லை. எங்களுக்கு ஆடி என்றால் தள்ளுபடி ஜவுளி விற்பனையும், ஒன்றிரண்டு மருத்துவ முகாமும்தான்.

காலியாகக் கிடப்பதற்கும் காசு என்பது இந்த வேலைக்கு வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. இவ்வளவு பெரிய ஏசிக்கு உயரழுத்த மின் இணைப்பு வேண்டும். விளக்கே போடாவிட்டாலும், ஒப்பந்தம் செய்த மின் தேவைக்கு மாதாமாதம் கட்டணம் கட்டியாக வேண்டும். ஆடி மாத பில்லைப் பார்த்துவிட்டு ஆச்சி போனில், "ஒரு கல்யாணம்கூட நடக்கலையே, யாருக்குக் கரண்டு எரிஞ்சுச்சு?" என்று கேட்டார். விளக்கிச் சொன்னேன். "அப்ப நம்ம மண்டபத்துக்கு நாமதான் வாடகை கொடுக்குறோம்" என்றார். முகூர்த்தத்தன்று கரண்டு போனால் ஜெனரேட்டர் ஓட வேண்டும். முழு ஏசியையும் இழுத்தால் அது மணிக்கு 40 லிட்டர் டீசல் குடிக்கிறது. 2,000 பேருக்கு அரங்கம் கேட்கிற அன்பர் இதையெல்லாம் கணக்குப் போட்டாரா தெரியவில்லை. மாநகராட்சி கட்டினாலும் மின்சாரம் சும்மா வராது. அந்தப் பணம் நம் வரியிலிருந்துதான் போகும்.

மாநாடுகள் வருமே என்பார்கள். எங்கிருந்து? மதுரை பெருநகரம், பக்கத்திலேயே விமான நிலையம் இருக்கிறது. நாம் விமானம் ஏற மதுரைக்கோ திருச்சிக்கோ 90 கிலோமீட்டர் போக வேண்டும். (செட்டிநாடு பக்கம் இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் ஒன்று கிடக்கிறது. அதில் விமானம் இறங்கட்டும், அப்புறம் பேசுவோம்.) ஆராய்ச்சிக் கருத்தரங்கு என்றால் அழகப்பா பல்கலைக்கழகத்திலும் மத்திய அரசின் மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரியிலும் அவர்களுக்கென்று அரங்குகள் உண்டு. கன்வென்ஷன் என்று எங்களிடம் வந்தவை சிமென்ட், பெயின்ட் கம்பெனிகளின் டீலர் கூட்டங்கள். மத்தியானச் சாப்பாட்டோடு முடிந்துவிடும்.

பெரிய கூடம் இந்த மண்ணுக்குப் புதிதும் இல்லை. ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் கொல்லைக் கதவுமாக நிற்கும் செட்டிநாட்டு வீடே கல்யாணத்தை மனதில் வைத்துக் கட்டியதுதான். திண்ணையில் ஆண்கள், நடு முற்றத்தைச் சுற்றிய வளவில் சடங்கு, அடுத்த கட்டில் பந்தி, அதற்கும் பின்னால் அடுப்படி என்று, எவ்வளவு கூட்டம் வந்தாலும் இடித்துக்கொள்ளாமல் போய்வர வழி இருந்தது. வருடம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் வீட்டைத் திறந்து, ஆத்தங்குடிக் கல்லைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்து, கல்யாணத்தை அங்கேதான் வைப்போம் என்று பிடிவாதமாக இருக்கும் நகரத்தார் குடும்பங்கள் இன்றும் உண்டு. வரவேற்புக்கு மட்டும் எங்களிடம் வருவார்கள். அந்த வளவுப் பத்தியில் மே மாதத்திலும் விசிறி இல்லாமல் உட்காரலாம். எங்கள் கூடத்தில் ஏசி பத்து நிமிடம் நின்றால் கல்யாணப் பத்திரிகைகள் எல்லாம் விசிறி ஆகிவிடுகின்றன.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் மேடை வரிசைக்காகக் கட்டியது. இடது பக்கம் ஏறி, பொண்ணு மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்து, வலது பக்கம் இறங்கி, நேரே பந்திக்குப் போய்விட வேண்டும். அந்த வேலைக்கு அதைவிட நல்ல மேடை கிடையாது. ஆனால் வேறு எதற்கும் அது ஆகாது. பின்னாலிருந்து மேடைக்கு வர வழி இல்லை. ஒதுங்கி நிற்கப் பக்கவாட்டில் இடம் இல்லை. இழுத்து மூடத் திரை இல்லை. ஒரு பள்ளி ஆண்டு விழா நடந்தது. கண்ணாடி வைத்த அறை என்று இருப்பது மணமகள் அறை ஒன்றுதான். மயில், கரகாட்டம், பரதநாட்டியம், தேசத் தலைவர்கள் என்று நூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகள் அந்த ஓர் அறையில். ஒரு பாரதியாருக்கு மீசை ஒட்டி முடிப்பதற்குள் இன்னொரு பாரதியாரின் தலைப்பாகையைக் காணோம். வேஷம் கட்டிய பிள்ளைகள் பார்வையாளர்களுக்கு நடுவே நடந்து வந்துதான் மேடை ஏறினார்கள். புலி வேஷம் போட்ட ஒன்று, பாதி வழியில் அம்மாவைப் பார்த்ததும் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. கடைசி வரை அது மேடைக்கு வரவில்லை.

அதைவிடச் சங்கடம் பட்டிமன்றம். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் ஓர் இலக்கிய அமைப்பு, வேறு இடம் கிடைக்காமல் ஒரு புதன்கிழமை மாலைக்கு எங்களிடம் வந்தது. ஆச்சியிடம் பேசி வாடகையைக் குறைத்துக் கொடுத்தேன். இருநூறு பேர் வந்தார்கள். வேலை நாளில் அது நல்ல கூட்டம். ஆனால் 1,200 நாற்காலியில் அவர்கள் அங்கங்கே போய் உட்கார்ந்தபோது யாருமே வராத மாதிரி இருந்தது. நடுவர் வாயைத் திறந்ததும் அடுத்த தொல்லை. எங்களுடையது கிரானைட் தரை, கண்ணாடிக் கதவு, வழவழப்பான சுவர். பேசிய சொல் பின் சுவர் வரை போய்த் திரும்பி வந்து, அடுத்த சொல்லின் மேல் விழுந்தது. கல்யாணத்தன்று இது தெரிவதில்லை. ஆயிரம் பேர் உட்கார்ந்தால் அவர்கள் உடம்பும் உடுப்பும் பாதிச் சத்தத்தை உறிஞ்சிவிடும். தவிர, அன்று யாரும் எதையும் கேட்பதற்காக வருவதில்லை. மைக் செட் தம்பி வால்யூமைக் கூட்டினான். கூட்டக் கூட்டக் குழப்பம்தான் கூடியது. "அக்கா, இது மிஷின் கோளாறு இல்ல. சவுண்டு சுவத்துல அடிச்சுத் திரும்புது" என்றான். முதல் பேச்சாளர் ஒரு கம்பன் பாட்டை எடுத்தார். அவர் இரண்டாம் அடிக்கு வந்தபோது முதல் அடி இன்னும் கூரையில் சுற்றிக்கொண்டிருந்தது. முன்வரிசைப் பெரியவர் ஒருவர் எழுந்து கையெடுத்துக் கும்பிட்டார். "ஐயா, தப்பா நினைக்காதீங்க. ஒண்ணும் விளங்கலை."

நடுவர் பல மேடை கண்டவர். மைக்கை அணைக்கச் சொல்லிவிட்டு, "சின்ன இடம் ஏதாவது இருக்காம்மா?" என்று என்னைக் கேட்டார். எல்லாரையும் எழுப்பி மினி ஹாலுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அங்கே 150 நாற்காலிக்கு மேல் போட முடியாது. மிச்சப் பேர் சுவரோரமும் வாசலிலும் நின்றார்கள். தாழ்வான கூரை, கனமான திரைச்சீலை, தரையில் ஏதோ பொருட்காட்சிக்காரர்கள் விட்டுப்போன பச்சைக் கார்பெட். மைக் இல்லாமலே கடைசி ஆள் வரை கேட்டது. பெரிய கூடத்தில் அதுவரை சிரிப்பு துண்டு துண்டாகத்தான் வந்தது. இங்கே மொத்தமாக வந்தது. நின்றவர்கள்கூட முடியும் வரை போகவில்லை. பேச்சுக்கான அரங்கில் எதிரொலி சுமார் ஒரு விநாடிக்குள் அடங்கிவிட வேண்டும் என்பார்கள். எங்கள் பெரிய கூடம் காலியாக இருக்கும்போது கைதட்டினால் நாலு விநாடி இழுக்கிறது.

இது நடந்தது எந்த ஊரில் என்று யோசிக்க வேண்டும். 1939-ல் சா. கணேசன் கம்பன் கழகம் தொடங்கிய ஊரில். அந்தக் கழகத்தின் பங்குனி விழா இங்கே நடந்து, நிறைவு நாளுக்கு நாட்டரசன்கோட்டைக்குக் கம்பன் சமாதிக்குப் போகும். பட்டிமன்றம் இன்று தொலைக்காட்சி வரை வந்திருப்பதில் அந்த மேடைக்குப் பெரிய பங்கு உண்டு. சபாக்களில் இன்று நடக்கும் கச்சேரிக்கு ஒரு முறையை வகுத்துக் கொடுத்த அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் பிறந்த ஊர் இதோ இருக்கிறது. வீணைக்குப் பெயர் வாங்கிய சகோதரர்களும் காரைக்குடி என்ற பெயரைத்தான் முன்னால் போட்டுக்கொண்டார்கள். ஆனால் இன்று யாராவது ஒரு வீணைக் கச்சேரிக்கு இடம் கேட்டால், எங்கள் கூடத்தை என்னால் மனதாரச் சொல்ல முடியாது. ஏசி இரைச்சலிலேயே பாதி வீணை போய்விடும். கம்பன் மணிமண்டபம் இருக்கிறதே என்றால், இருக்கிறது. ஆனால் ஊரில் எத்தனை இலக்கிய அமைப்பு, எத்தனை நாட்டியப் பள்ளி, எத்தனை பள்ளிக்கூடம்? எல்லாருக்கும் ஒரே இடம் எப்படித் தேதி கொடுக்கும்?

வாடகை விஷயமும் இருக்கிறது. மண்டபத்து நாள் முதல் நாள் மத்தியானம் மூன்று மணிக்குத் தொடங்கி, மறுநாள் மூன்று மணிக்கு முடியும். கல்யாணத்துக்கு அதுதான் தோது. மூன்று மணி நேரக் கூட்டத்துக்கு வருகிறவர்களும் அந்த முழு நாளைத்தான் வாங்க வேண்டும். வாடகைக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, கரண்டு யூனிட் கணக்கில், டீசல் தனி, கிளீனிங் தனி. பொண்ணு வீட்டார் வாதாடிக் குறைத்துவிடுவார்கள். உறுப்பினர்களிடம் நூறும் இருநூறுமாக வசூல் செய்து விழா நடத்துகிறவர்கள், நான் எழுதிக் கொடுத்த தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "கலந்து பேசிட்டுச் சொல்றோம்மா" என்று போவார்கள். திரும்பி வருவதில்லை. அரங்கேற்றத்துக்கு இடம் தேடி வந்த ஒரு நடன ஆசிரியை, கூடத்தைப் பார்த்துவிட்டுத் தரையை ஒருமுறை காலால் தட்டினார். "கல்லுல பிள்ளைங்க முழங்கால் என்னத்துக்கு ஆகும்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். நாட்டியத்துக்கு மரத்தளம் வேண்டும். எங்கள் கட்டடத்துக்கு வரைபடம் போட்டவருக்கு அது தோன்றியிருக்காது. அவரைச் சொல்லிக் குற்றம் இல்லை, அவரிடம் கேட்டது கல்யாண மண்டபம்.

இந்த ஒரு வருடத்தில் அதிக நாள் பூட்டுத் திறந்தது அந்த மினி ஹால்தான். வளைகாப்பு, காதுகுத்து, பிறந்தநாள், சங்கக் கூட்டம், ஏஜென்ட்டுகள் பயிற்சி, யோகா வகுப்பு என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கிறது. அடுத்தபடி டிராம்போலின். பிள்ளையார்பட்டிக்கு வந்துவிட்டுப் போகிற குடும்பங்கள்கூட வண்டியை நிறுத்தி, பிள்ளைகளை ஒரு மணி நேரம் குதிக்கவிட்டுப் போகிறார்கள். ஆச்சிக்கு மாதம் தவறாமல் காசு கொடுப்பது இந்த இரண்டும்தான். பெரிய கூடம் கொடுக்கும்போது அள்ளிக் கொடுக்கும், மிச்ச நாளெல்லாம் வாங்கிக்கொண்டே இருக்கும்.

திறந்தவெளி மேடை கேட்ட அன்பருக்கு ஒரு வார்த்தை. 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது. மூடிய அரங்குக்கு விலக்கு உண்டு, புல்தரைக்கு இல்லை. நம் வரவேற்புகளில் பொண்ணு மாப்பிள்ளை மேடைக்கு வரவே எட்டரை ஆகிவிடும். டிஜே சூடு பிடிக்கும்போது பத்தாகிவிடும். நிறுத்தச் சொல்லிப் போகிற நான்தான் அன்றைய வில்லி. "ஒரே ஒரு பாட்டு ஆன்ட்டி" என்று மாப்பிள்ளையின் நண்பர்கள் சூழ்ந்துகொள்வார்கள். பின் தெருக்காரர்களிடம் என் செல்போன் எண் இருக்கிறது. நானேதான் கொடுத்தேன். பத்தே கால் வரை பார்த்துவிட்டுக் கூப்பிடுவார்கள். அவர்களுக்கும் பெருந்தன்மை உண்டு.

இப்போது புதிதாக 'கிராமத்து செட்' என்று கேட்கிறார்கள். புல்தரையில் கீற்றுக் கொட்டகை, மாட்டு வண்டி, லாந்தர், அதற்கு நடுவில் தீப்பொறி பறக்கும் பைரோ மிஷின். கீற்றுக்கு நான் சம்மதிப்பதில்லை. 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கீற்றுப் பந்தலில் தீப்பிடித்து, மாப்பிள்ளை உட்பட 50-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். இன்றைக்குக் கல்யாணம் பண்ணிக்கொள்கிற பிள்ளைகளுக்கு அது தெரியாது, அவர்கள் அப்பாக்களுக்குத் தெரியும். சொன்னால் அப்பாக்கள் ஒத்துக்கொள்கிறார்கள். டெக்கரேஷன்காரர்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

குப்பையைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தக் கடிதம் தாங்காது. ஒன்று மட்டும். வாழையிலை மாட்டுக்குப் போய்விடும், மிச்சச் சோற்றுக்கும் வழி இருக்கிறது. பந்தியில் வைக்கிற சின்ன தண்ணீர் பாட்டில்தான் மனதை அறுக்கிறது. ஒரு வாய் குடித்துவிட்டு வைத்துவிடுகிறார்கள். முகூர்த்தம் முடிந்ததும் எங்கள் பெண்கள் ஒவ்வொன்றாய்த் திறந்து டிரம்மில் ஊற்றுவார்கள். நாலைந்து டிரம் நிரம்பும். அதில்தான் புல்தரையே பச்சையாக இருக்கிறது. நல்ல தண்ணீருக்குப் பெயர் போன சம்பை ஊற்றைக் கொண்டாடுகிற ஊரில் இப்படி.

ஆகவே, மாநகராட்சி நிஜமாகவே அரங்கம் கட்ட நினைத்தால் 300 பேர் உட்காரும்படி கட்டட்டும். பின்வரிசைக்காரருக்கும் மேடை தெரியும்படி தரை சரிவாக இருக்கட்டும். மேடையில் மரத்தளம், இரண்டு பக்கமும் ஒதுங்க இடம், பின்னால் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி ஒப்பனை அறை, கழிப்பறை. சுவரில் பளிங்கும் கண்ணாடியும் வேண்டாம், சத்தத்தை உறிஞ்சுகிற பொருள் போடட்டும். கதவுகள் வெளிப்பக்கம் திறக்கட்டும், மாடி என்றால் படி இரண்டு இருக்கட்டும். வாடகை மணிக் கணக்கில் இருக்க வேண்டும், அதை வாசலில் எழுதி வைக்க வேண்டும், எந்தத் தேதி யாருக்குக் கொடுத்தது என்பது எல்லாரும் பார்க்கும்படி இருக்க வேண்டும். முக்கியமாக, பந்திக்கூடம் கட்டவே கூடாது. கட்டினால் மறு வருடமே அதுவும் கல்யாண மண்டபம் ஆகிவிடும், ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தத்தில் பட்டிமன்றத்துக்கு யார் இடம் கொடுப்பார்கள்?

வரைபடம் போடுமுன் பொறியாளர்கள் ஊரில் மைக் செட் கட்டுகிறவர்களையும், நாட்டிய ஆசிரியைகளையும், பள்ளியில் நாடகம் போடுகிற வாத்தியார்களையும் கூப்பிட்டு ஒரு நாள் பேசினால் போதும். அதிகாரிகள் யாராவது வந்தால் எங்கள் பெரிய கூடத்தின் நடுவில் நிற்க வைத்துக் கைதட்டிக் காட்டுகிறேன். புதன்கிழமைகளில் வரலாம், பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு மண்டப மேலாளர்,
காரைக்குடி.